எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் பரண் ஒழுகியது. சாமான்களை இறக்கிப் போட்டபோது உரச்சாக்கில் சுற்றிய ஒரு மூட்டை கிடைத்தது. பிரித்தால் என் பழைய லேப்டாப். கனம் மூன்றரைக் கிலோ இருக்கும். மூடியின் ஒரு கீல் உடைந்திருந்தது. பாட்டரி செத்து வருஷங்கள் ஆகிவிட்டன.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். "அப்பா, அதை எடைக்குப் போடுங்க. புதுசு வாங்கித் தந்திருக்கேன்ல" என்றான். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பியிடம் தூக்கிக்கொண்டு போனேன். "சார், இது மியூசியத்துல வைக்கிற பீஸு. எக்ஸ்சேஞ்ச்ல விட்டுட்டுப் போங்க, ஐந்நூறு கழிச்சுத் தரேன்" என்றார். மதுரையில் ஒரு கடையில் விசாரித்தேன். "உள்ளே இருப்பதை எடுக்கப் பன்னிரண்டாயிரம் ஆகும் ஐயா, வருமா வராதா என்றும் சொல்ல முடியாது, விட்டுடுங்க" என்றார்கள்.

மூன்று பேரும் நல்லவர்கள், என் மேல் அக்கறை உள்ளவர்கள். ஆனால் மூன்று பேரும் சொன்னது தப்பு. ஒருவர்கூட "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். 2002-இல் முதலாளி வீட்டுப் பிள்ளை தான் பயன்படுத்திய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தார். விண்டோஸ் 98 போட்டது. போடியில் ஒரு டி.டி.பி. கடைக்காரர் பாமினி எழுத்துருவை ஏற்றிக் கொடுத்து, எந்த விசையில் எந்த எழுத்து என்று ஒரு தாளில் எழுதியும் தந்தார். ஒற்றை விரலால் குத்திக் குத்திப் பழகினேன்.

அந்த நாளில் அம்மா என்னோடு இருந்தார். பன்னிரண்டு வயதில் காய் எடுக்க மலையேறியவர். ஜீப் ஓடாத காலம். விடிவதற்கு முன் கட்டுச்சோற்றோடு கிளம்பிக் கால்நடையாகப் போகிற காலம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பேசுவார், நான் தட்டுவேன். அட்டை கடிக்காமல் இருக்கச் சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்துக் காலில் தடவியது, ஒரே சரத்தில் எந்தக் காயை எடுக்கலாம், எந்தக் காயை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும் என்று கங்காணி அடித்துச் சொல்லிக் கொடுத்தது, ஸ்டோரில் விறகுச் சூட்டில் காய் உலரும்போது ராத்திரி முழுக்கக் கண் விழித்தது, கூலி எவ்வளவு, அதில் பிடித்தம் எவ்வளவு, எந்த ஓடைக்கு என்ன பெயர், எந்தப் பாறையில் யார் விழுந்தார். 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றதைப் பற்றிக் கேட்டேன். "கோடு போட்டவுக கீழ இருந்தாக. நாங்க மேல காய் எடுத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். அதையும் அப்படியே தட்டினேன்.

2003 முதல் 2006 வரை மொத்தம் 46 கோப்புகள். 2007-இல் அம்மா போய்விட்டார். அதன் பிறகு அந்த லேப்டாப்பைத் திறக்க மனம் வரவில்லை. பிறகு திறக்க நினைத்தபோது அது திறக்கவில்லை. பிரிண்ட் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எடுத்திருக்க வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டேன். அதற்கு உண்டான தண்டனையைப் பின்னால் சொல்கிறேன்.

லேப்டாப்பை மின்சாரத்தில் மாட்டியதும் கொஞ்ச நேரம் முனகிவிட்டு எழுந்தது. கோப்புகள் பத்திரமாகப் பட்டியலில் தெரிந்தன. திறந்தேன், படித்தேன், அழுதேன். ஆனால் வெளியே எடுக்க வழியில்லை. யூ.எஸ்.பி. துளை ஒன்று இருந்தது. பென் டிரைவைச் செருகினால், இது என்ன சாமான், இதற்கு உண்டான டிரைவர் மென்பொருளைக் கொடு என்று கேட்டது. விண்டோஸ் 98-க்குப் பென் டிரைவைத் தானாகத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனியாக டிரைவர் ஏற்ற வேண்டும். அதை ஏற்றச் சி.டி. வேண்டும், சி.டி. டிரைவோ சுற்றவே இல்லை. ஃப்ளாப்பி டிரைவ் கறகறவென்று சத்தம் போட்டதே தவிர எதையும் எழுதவில்லை. பின்னால் சீரியல் போர்ட் இருந்தது. அதில் மாட்டுகிற கேபிளுக்குப் புது லேப்டாப்பில் துளையே இல்லை.

தேனியில் பாலிடெக்னிக் படிக்கும் என் மகள் வழிப் பேத்தி தீபாவளிக்கு வந்தாள். "தாத்தா, லேப்டாப்பை எதுக்குக் கட்டி மாரடிக்கணும்? உள்ளே இருக்கிற டிஸ்கை மட்டும் கழற்றிடலாம்" என்றாள். அடியில் இரண்டு திருகாணி. உள்ளங்கை அளவில் ஒரு டிஸ்க் வெளியே வந்தது. பின்பக்கம் சன்னமாக 44 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் கதை முடிந்தது. ஐ.டி.இ. டிஸ்கை யூ.எஸ்.பி.யில் மாட்டுகிற இணைப்பான் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தாள். விலை எழுநூறு ரூபாய்க்குள். மாட்டியதும் புதுக் கம்ப்யூட்டரில் அது இன்னொரு டிரைவாக வந்து நின்றது. "முதல்ல எதையும் திறக்காதீங்க, எதையும் எழுதாதீங்க. மொத்தமா ஒரு நகல் எடுத்துட்டுத்தான் மறுவேலை" என்று என் கையைத் தட்டிவிட்டாள். மொத்த டிஸ்கே 6 ஜி.பி. அதில் அம்மா பேசியது இரண்டு எம்.பி.கூட இல்லை. அந்தக் காலத்து 1.44 எம்.பி. ஃப்ளாப்பி இரண்டில் அடங்கிவிடும் ஒரு வாழ்க்கை.

பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று பயமுறுத்தப்பட்ட வேலை எழுநூறு ரூபாயில், ஒரு மத்தியான நேரத்தில் முடிந்தது. டிஸ்கே உடைந்து கிடந்தால் செலவு ஆகும்தான், மறுக்கவில்லை. ஆனால் உடைந்திருக்கிறதா இல்லையா என்று கழற்றிப் பார்க்கிற பொறுமைகூட யாருக்கும் இல்லை என்பதுதான் என் புகார்.

கதை இங்கே முடிந்திருந்தால் புகாரும் இதோடு முடிந்திருக்கும். முடியவில்லை.

முதல் கோப்பைத் திறந்தோம். திரை முழுக்க ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, கமா. ஒரு தமிழ் எழுத்து இல்லை. "கெட்டுப் போச்சா தாத்தா?" என்றாள் பேத்தி. நான் முதல் வார்த்தையைப் பார்த்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஒற்றை விரலால் மூன்று வருஷம் குத்தின கை அல்லவா, மறக்குமா? "கெடலைம்மா. அது 'அம்மா'ன்னு எழுதியிருக்கு" என்றேன்.

விஷயம் இதுதான். அந்த எழுத்துருவில் நாம் தமிழில் எழுதுவதாக நினைத்துக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் உள்ளே வைத்துக்கொள்வது ஆங்கில எழுத்தைத்தான். எம் என்ற எழுத்துக்கு 'அ' என்று வேஷம் போடுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். எங்களுக்கு அதிர்ஷ்டம், பழைய டிஸ்கிலேயே எழுத்துருவும் இருந்தது. அதையும் எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அம்மா பேச ஆரம்பித்துவிட்டார். கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு டிஸ்கை வீசியிருந்தால் தேடி அலைந்திருப்போம்.

ஆனாலும் அது வேஷம்தான். போனில் அனுப்பினால் மறுபடியும் எம், கே. தேடினால் கிடைக்காது. ஆகவே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். சுரதா என்ற பெயரில் அறியப்பட்டவர் எழுதி வைத்த 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒட்டினோம், மாற்றினோம். பெரும்பாலும் சரியாக வந்தது. ஆனால் நான் நடுநடுவே ஆங்கிலத்தில் ரூபாய்க்கு 'ஆர் எஸ்' என்று போட்டிருந்தேன். அந்த எழுத்துருக் கணக்கில் பெரிய ஆர் என்றால் 'சு', சின்ன எஸ் என்றால் 'ள'. அம்மாவின் கூலி முழுக்க 'சுள' ஆகிவிட்டது. 46 கோப்புகளையும் உட்கார்ந்து கையால் திருத்தினேன். மூன்று மாதம் ஆனது.

இப்போது கேட்கிறேன். இந்த மூன்று மாத வேலை யார் தலையில் விழுந்திருக்க வேண்டியது?

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கொடுத்தாகிவிட்டது. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்துவிட்டது. இ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்கள் இலவசமாகவே வந்தன. ஆனால் நாம் என்ன செய்தோம்? ஆளுக்கொரு எழுத்துரு. அச்சகத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. இவன் எழுதியதை அவன் படிக்க முடியாது. இதைச் சரிசெய்யத்தான் 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ் 99 விசைப்பலகை வந்தது, நல்ல விஷயம். கூடவே டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளும் வந்தன. அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-இல். அதற்குள் ஒரு தலைமுறை தட்டச்சு செய்த தமிழ், எம் கே அரைப்புள்ளியாகப் பெட்டிகளில் உறைந்துவிட்டது. இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனால் பல அச்சகங்களில் பழைய எழுத்துருதான் ஓடுகிறது.

மொழிக்காக உயிரைக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். அந்த மொழியில் தட்டிய ஒரு பக்கத்தை இருபது வருஷம் கழித்துத் திறந்து படிக்க முடியுமா என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் தமிழ் நூல்களைத் தட்டினார்கள். முதலில் ஒரு எழுத்துரு, அப்புறம் தகுதரம், அப்புறம் யூனிகோடு. ஒவ்வொரு முறை காலம் மாறியபோதும் தட்டியதை எல்லாம் அவர்களே மாற்றிக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் இன்றும் படிக்க முடிகிறது. சம்பளமில்லாதவர்கள் செய்ததைச் சம்பளம் வாங்குகிறவர்களும் காசு வாங்கி விற்றவர்களும் ஏன் செய்யவில்லை?

நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அந்தக் காலத்தில் மூணாறுத் தேயிலை போடிக்கு எப்படி வந்தது? குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயில். அங்கிருந்து ரோப்வேயில் கீழே கோட்டகுடி. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. மூன்று வாகனம், மூன்று கை. ஒவ்வொரு இடத்திலும் பெட்டியை இறக்கி ஏற்ற ஆள் நின்றான். 1924 வெள்ளத்தில் அந்தச் சின்ன ரயிலே அடித்துக்கொண்டு போனது. அதற்காக மலைமேல் இருந்த தேயிலையை மூணாற்றிலேயே மக்கிப்போக விட்டார்களா?

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 1928-இல் நமக்கு வந்த ரயிலை, அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். நாம் என்ன சும்மாவா இருந்தோம்? மனு கொடுத்தோம், உண்ணாவிரதம் உட்கார்ந்தோம், வருகிற எம்.பி.யை எல்லாம் கேட்டோம். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகி 2023 ஜூன் 15-இல் ரயில் மறுபடி போடிக்கு வந்தது. தாமதத்தைத் திட்டினோம். ஆனால் "மீட்டர் கேஜ் பழசு, அதில் போன ஊர்களும் பழசு, எடைக்குப் போடுங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. தண்டவாளத்தை மாற்றுகிறவன்தான் ஊரையும் இணைத்துக் கொடுக்க வேண்டும் என்பது நமக்கு நன்றாகத் தெரிந்த நியாயம். அந்த நியாயம் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் இல்லை?

"இப்போதான் எல்லாம் கிளவுடுல இருக்கே, இனி இந்தத் தொல்லை இல்லை" என்கிறான் என் மகன். ஜியோசிட்டீஸ் என்ற இடத்தில் எத்தனையோ பேர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2009-இல் மூடினார்கள். யாஹூ குழுமங்களில் தமிழர்கள் வருஷக்கணக்காக எழுதியதை எல்லாம் 2019 கடைசியில் அழிக்கப் போவதாக அறிவித்தார்கள். இரண்டு வருஷம் திறக்காத கணக்கை நீக்கலாம் என்று கூகுளே 2023-இல் விதி போட்டிருக்கிறது. நான் போன பிறகு என் கணக்கை இரண்டு வருஷத்துக்குள் திறந்து பார்க்க என் வீட்டில் யாருக்குக் கடவுச்சொல் தெரியும்? பரணில் கிடந்த டிஸ்க் பதினெட்டு வருஷம் காத்திருந்தது. கிளவுடு இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருக்காது. பத்திரம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் புதுசுக்கு எதிரி இல்லை. ஏலக்காய் ஏலமே இப்போது கம்ப்யூட்டர் திரையில்தான் நடக்கிறது. தட்டில் காயைக் குவித்து உரக்கக் கூவி விலை கேட்ட காலத்தைப் பார்த்தவன் நான். மாறினது நல்லதுதான். ஆனால் ஏலத்தை மாற்றியபோது விவசாயியின் பழைய கணக்கை யாரும் அடுப்பில் போடவில்லை. கிலோ 7000 ரூபாயைத் தொட்ட 2019-ஐ இன்னும் பேசுகிறோமே, விலை மட்டும் நினைவில் இருந்தால் போதுமா? அந்தக் காயைப் பறித்த கை நினைவில் வேண்டாமா?

சரி, என்ன செய்யலாம்?

சொத்து வரியோடு நாம் எல்லோரும் நூலக வரி கட்டுகிறோம். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அது. வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்குப் போகிறது. அந்தக் காசில், ஊருக்கு ஒரு நூலகத்தில் ஒரே ஒரு மேசை கேட்கிறேன். மேசை மேல் யூ.எஸ்.பி.யில் மாட்டுகிற ஒரு ஃப்ளாப்பி டிரைவ், ஒரு சி.டி. டிரைவ், நாங்கள் வாங்கிய மாதிரி ஓர் இணைப்பான், பழைய எழுத்துருக்கள், ஒரு மாற்றி. வாரத்தில் ஒரு நாள் பாலிடெக்னிக் பிள்ளை ஒன்று உட்காரட்டும். இதற்கு எவ்வளவு ஆகிவிடும்? திறப்பு விழாப் பந்தலுக்கு ஆகிற செலவுகூட ஆகாது.

கடைக்காரத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். எக்ஸ்சேஞ்சில் வாங்கும்போது "உள்ளே ஏதும் வேணுமா ஐயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களுக்குக் கேட்கத் தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். புதுசு வாங்கித் தருவது பெரிய காரியம்தான். பழசில் இருப்பதை அதில் ஏற்றித் தருவது அதைவிடப் பெரிய காரியம்.

கடைசியாக நம் வயதுக்காரர்களுக்கு. இதில் பெரிய குற்றவாளி நாம்தான். நம் வீட்டுப் பரண்களில் கம்ப்யூட்டர், ஃப்ளாப்பி டப்பா, சி.டி. உறை என்று எத்தனை கிடக்கிறது? "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது நம் வியாதி. இந்த வாரமே இறக்குங்கள். ஓடுகிறதா என்று நீங்களாகத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள், டிஸ்கைக் கழற்றி நகல் எடுக்கச் சொல்லுங்கள். கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதைத் தாளில் அச்சடித்து வீட்டில் ஒன்று, வெளியூரில் ஒன்று வையுங்கள். ஏட்டுச்சுவடி செல்லரிக்கும் முன் படி எடுத்து வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு இது புது வேலை இல்லை.

தண்டனையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? 46 கோப்புகளில் 45 வந்தன. 31-ஆவது கோப்பு வரவில்லை. டிஸ்கில் அந்த இடம் கெட்டுப் போயிருந்தது. பேத்தி இரண்டு ராத்திரி முயன்று பார்த்தாள். "இன்னும் நாலஞ்சு வருஷம் முன்னாடி எடுத்திருந்தா வந்திருக்கலாம் தாத்தா" என்றாள்.

அதில் இருந்தது என் பெரியம்மா கதை. அம்மாவுக்கு இரண்டு வயது மூத்தவர். இரண்டு பேரும் ஒன்றாக மலையேறினார்கள், ஒரு மழைக்காலத்தில் அம்மா மட்டும் இறங்கி வந்தார். என்ன நடந்தது என்று ஒரே ஒரு ராத்திரிதான் சொன்னார். மறுபடி கேட்கக் கூடாது என்றார். நான் தட்டி வைத்திருக்கிறோமே என்று மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது எனக்கு மூன்று வாக்கியம்தான் நினைவில் இருக்கிறது. அந்த மூன்றையும் 31 என்று எண் போட்டு யூனிகோடில் எழுதி, மற்ற 45-உடன் சேர்த்து அச்சடித்து வைத்துவிட்டேன்.